சீப்பைக் கீழே வையுங்கள்: பிள்ளைகளை அவர்களின் தலைமுடி வழியாகப் படமெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. நான் படமெடுக்கப் போவதற்கு முந்தைய நாள் கத்தரிக்கோலை எடுத்துத் தன் நெற்றி முடியைத் தானே வெட்டிக்கொண்டாள். ஒரு பக்கம் புருவம் வரை நிற்கிறது, மறுபக்கம் கிட்டத்தட்ட வேர் வரை போய்விட்டது. அவளுடைய அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "கிளிப் போட்டு மறைச்சுடலாமா சார்?" என்றார். நானும் சரி என்றேன். இரண்டு மணி நேரம் எடுத்தோம், படங்கள் எல்லாம் பளிச்சென்று வந்தன. இரண்டு வருடம் கழித்து அதே அம்மா போன் செய்தார். "அந்த வெட்டின முடியோட ஒரு படமாவது இருக்கா?" இல்லை. அந்த வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை அது. கிளிப்பைக் கழற்றி ஒரே ஒரு படம் எடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பெரியவர்களின் கை எந்த முடியைச் சரிசெய்யப் போகிறதோ, அதைத்தான் முதலில் எடுப்பேன். சட்டை, செருப்பு, பை எல்லாம் பெரும்பாலும் பெரியவர்கள் வாங்கித் தருவது. தலைமுடி பிள்ளையின் உடம்போடு வளர்வது. கண்ணாடி முன் நின்று தானாக எதையாவது மாற்றிப் பார்க்க ஒரு சின்னப் பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் இடம் அநேகமாக அதுதான். இந்த வழிகாட்டி முழுக்க அந்த மாற்றத்தைக் கலைக்காமல் எப்படிப் படமாக்குவது என்பதைப் பற்றியது.

முதல் படி: கேமராவை எடுக்கும் முன் பேச்சு

படமெடுக்கும் நாளுக்கு முன்பே பிள்ளையோடு கால் மணி நேரம் பேசிவிடுங்கள். முடியாவிட்டால் அன்றைக்கே, கேமரா பைக்குள் இருக்கும்போது பேசுங்கள். பெற்றோரிடம் "இவளுக்கு எந்த ஸ்டைல் பிடிக்கும்?" என்று விசாரிப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் கிடைப்பது பெற்றோருக்குப் பிடித்த ஸ்டைல்.

"ஏன் இப்படி முடி வைத்திருக்கிறாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைகளின் காதில் 'ஏன்' என்பது திட்டாகத்தான் விழும். சட்டென்று வாயை மூடிக்கொள்வார்கள், அல்லது வீட்டில் சொல்லிக்கொடுத்த பதிலைச் சொல்வார்கள். எனக்குப் பலித்த கேள்விகள் வேறு. "இதுக்கு ஒரு பேர் வைக்கணும்னா என்ன வைப்பே?" "ஓடும்போது உன் முடி என்ன பண்ணும்?" "தலையிலே எந்த இடத்தை யாரும் தொடக் கூடாது?" "இப்படி வாரணும்னு முதல்லே சொன்னது யாரு?"

பெயர் கேட்கும் கேள்வி நன்றாக வேலை செய்யும். தலை நிறைய சுருட்டை முடி உள்ள ஒரு பையன் தன் தலைக்குப் 'புயல்' என்று பெயர் வைத்தான். அதற்கு மேல் எனக்கு என்ன திட்டம் வேண்டும்? காற்று வேண்டும், திறந்த வெளி வேண்டும், அவன் அசைய வேண்டும். படப்பிடிப்பே அந்த ஒரு சொல்லிலிருந்து பிறந்துவிட்டது.

வயதுக்கு வயது இது மாறும். நான்கு வயதுப் பிள்ளைக்கு முடி ஒரு விளையாட்டுப் பொருள், மூன்று கிளிப்பை ஒரே இடத்தில் குத்திக்கொண்டு நிற்கும். ஏழெட்டு வயதில் தோழியைப் போல, அண்ணனைப் போல என்று ஒப்பிடும் ஆசை வரும். பத்து பன்னிரண்டு வயதில் முடி ஒரு திரையாகவும் ஆகலாம். நெற்றி முடியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டு அதற்குப் பின்னால் இருந்து உலகத்தைப் பார்ப்பார்கள். அந்தத் திரையை விலக்கச் சொல்லாதீர்கள். ஒரு கண் மட்டும் தெரிகிற படம் அந்த வயதுக்கு முழுமையான படம்தான்.

இரண்டாவது படி: இரண்டு சம்மதம்

பெற்றோரின் சம்மதம் ஒன்று, பிள்ளையின் சம்மதம் இன்னொன்று. முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடாது. 1989இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது. 13ஆவது பிரிவு தன்னை வெளிப்படுத்தும் உரிமையையும், 16ஆவது பிரிவு அந்தரங்கத்தையும் பேசுகின்றன. படமெடுப்பவருக்கு இந்த மூன்றும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் தேவைப்படும்.

நடைமுறையில் இது எளிது. பிள்ளையோடு ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையைக் காட்டினால் கேமரா உடனே கீழே இறங்க வேண்டும். தொடக்கத்தில் இரண்டு மூன்று முறை சும்மா சோதித்துப் பார்ப்பார்கள், ஒவ்வொரு முறையும் இறக்குங்கள். நான்காவது முறைக்குப் பிறகு அந்தச் சைகை பெரும்பாலும் வரவே வராது. அதேபோல் பத்துப் பதினைந்து படத்துக்கு ஒருமுறை கேமராவின் திரையைக் காட்டி, "இதுலே எது வேண்டாம்?" என்று கேட்டு அதை அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். நல்ல படம் ஒன்று போய்விடும்தான். போகட்டும்.

இன்னொன்று, கேட்காமல் முடியைத் தொடாதீர்கள். கன்னத்தில் விழுந்த ஒரு இழையை ஒதுக்கிவிடக்கூட வேண்டாம். சுருட்டை முடியோ சின்னச் சின்னப் பின்னல்களோ உள்ள பிள்ளைகளின் தலையை அறிமுகமில்லாதவர்கள்கூட உரிமையோடு தொட்டுப் பார்ப்பார்கள். அவர்களுக்கு அது சலித்துப்போன விஷயம். ஒதுக்கியே ஆக வேண்டும் என்றால் ஒரு சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்து, பிள்ளையையே செய்யச் சொல்லுங்கள். அப்புறம், கண்ணாடி பார்க்கும் அந்த நிமிடத்தையும் எடுங்கள். தன் முகத்தைத் தானே தீர்மானிக்கும்போது வருகிற முகபாவம் வேறு எப்போதும் வராது.

மூன்றாவது படி: நாளைத் தேர்வது

முடி வெட்டிய அன்றே எடுக்கலாமா? பிள்ளை அதைக் கொண்டாடுகிறது என்றால் எடுக்கலாம். இல்லையென்றால் நான்கைந்து நாள் விடுங்கள், வெட்டின முடி தலையோடு பழக வேண்டும். இறுக்கிப் பின்னிய அன்று உச்சந்தலை வலிக்கும், முகமும் இழுத்துப் பிடித்தது போல இருக்கும். அடுத்த நாள் எடுத்தால் பின்னலும் கலையாமல் இருக்கும், பிள்ளையும் சிரிக்கும். சுருட்டை முடி ஈரத்தில் நீண்டு தொங்கும், காயக் காயச் சுருங்கி மேலே ஏறும். இரண்டும் அதே தலைதான். நேரம் இருந்தால் குளித்து வந்த ஈரத் தலையில் தொடங்கி, காய்ந்து பூரிப்பது வரை எடுங்கள்.

படமெடுக்கும் நாளுக்கென்று தனியாக அலங்கரிக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் திருமண வீட்டுக்குப் போவது போலத் தயாராக நிற்பார்கள். அதைவிட நல்ல யோசனை ஒன்று உண்டு. பிள்ளை தானே தலைவாரிக்கொள்ளும் வயது என்றால், வாரிக்கொள்வதிலிருந்தே தொடங்குங்கள். கோணல் வகிடு, பல்லில் கடித்துப் பிடித்த ரப்பர் பேண்ட், சிக்கு எடுக்கும்போது சுருங்கும் கண். இதெல்லாம் அலங்காரம் முடிந்த பிறகு கிடைக்காது.

நீண்ட காலத் தொடராகச் செய்ய விரும்பினால் ஒரு கணக்கை மனதில் வையுங்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே சன்னல், அதே தூரம், அதே உயரத்தில் எடுத்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். மாதா மாதம் எடுத்தால் சலிப்புதான் தெரியும்.

நான்காவது படி: ஒளி

நேரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இதற்கு மட்டும் செலவழியுங்கள். முடியைப் படமெடுப்பது என்பது பாதிக்கு மேல் ஒளி வேலைதான்.

கறுப்பு முடி ஒளியை விழுங்கும். முகத்துக்குச் சரியாக ஒளி வைத்தால் முடி ஒரே கறுப்புத் திட்டாகப் போய்விடும், பின்னலின் ஒவ்வொரு மடிப்பும் தொலைந்துவிடும். பலர் இதைப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கிப் பார்க்கிறார்கள். அப்போது முடி சாம்பல் பூத்தது போல் வரும், புள்ளி புள்ளியாக இரைச்சலும் தெரியும். எடுக்கும்போதே முடிக்கென்று தனியாக ஒரு ஒளி வைப்பதுதான் தீர்வு. அதற்கு விலையுயர்ந்த விளக்கு தேவையில்லை, ஒரு சன்னல் போதும்.

பிள்ளையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். பக்கத்திலிருந்து சாய்ந்து வரும் ஒளி பின்னலின் மேடு பள்ளங்களில் நிழல் விழவைக்கும், அதனால் வடிவம் தெரியும். நேர் எதிரே இருந்து வரும் ஒளி எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். அடுத்து, பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சன்னல் அவள் தோளுக்குப் பின்னால் வரும்படி செய்து பாருங்கள். முடியின் ஓரத்தில் ஒரு வெள்ளிக் கோடு எழும். நெளி முடிக்கும் சுருட்டை முடிக்கும் இந்தப் பின்னொளி உயிர் கொடுக்கும், ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக எரியும். முகம் இருட்டாகிவிடுமே என்றால், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் போதும். வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகூட ரிஃப்ளெக்டர்தான்.

கோரை முடிக்கு, அதாவது நேராக வழுவழுவென்று விழும் முடிக்கு, கணக்கே வேறு. அங்கே அழகு பளபளப்பில் இருக்கிறது. அந்தப் பளபளப்பு முடியின் மேல் விழும் சன்னலின் பிரதிபலிப்புதான். பிள்ளையைத் தலையை லேசாக இப்படியும் அப்படியும் சாய்க்கச் சொல்லி, ஒளிப்பட்டை உச்சியிலிருந்து காது வரை நகர்வதைக் கவனியுங்கள். சரியான இடம் வந்ததும் எடுங்கள். மொட்டைத் தலைக்கும், ஒட்ட வெட்டிய முடிக்கும் கடினமான ஒளி, அதாவது நேர் வெயில் போலக் கூர்மையான ஒளி வேண்டாம். நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளியாக எரிந்துவிடும். மெல்லிய திரை போட்ட பெரிய சன்னல் வைத்தால் தலையின் உருண்டை வடிவம் முழுதாக வரும்.

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்க முயலும். சட்டகம் முழுக்கக் கறுப்பு முடி இருந்தால் 'இருட்டாக இருக்கிறதே' என்று முடிவுகட்டி எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவைக் கூட்டிவிடும், முகம் வெளுத்துவிடும். எக்ஸ்போஷர் ஈடுகட்டலை முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). வெள்ளைச் சுவர் முன்னால் நேர்மாறு, அதே அளவு கூட்டுங்கள். சாய்ந்து சாய்ந்து ஓடும் பிள்ளை பின்னால் இதையெல்லாம் திருத்திக்கொண்டே இருக்க முடியாது. முகத்தை வைத்து ஒருமுறை அளந்துவிட்டு, கேமரா தானாக எதையும் மாற்றாத மேனுவல் முறையில் பூட்டிவிடுவதுதான் என் வழக்கம். கேமரா பதிவுசெய்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தால் சின்னப் பிழைகளைப் பிறகு சரிசெய்ய இடம் இருக்கும்.

கேமராவின் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபிளாஷை நேராக அடிக்காதீர்கள். முடியின் நிழல் சுவரில் கன்னங்கரேலென்று விழும். வேறு வழியில்லை என்றால் பக்கச் சுவரை நோக்கித் திருப்பி அடியுங்கள், சுவர் வெள்ளையாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. பச்சைச் சுவரில் அடித்தால் முடியும் பச்சையாகும். சாயம் பூசிய முடி உள்ள பதின்வயதினருக்கு இதில் இரட்டைக் கவனம் தேவை. நீலமும் ஊதாவும் அவர்கள் யோசித்து யோசித்துத் தேர்ந்த நிறம், ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் உங்கள் ஒயிட் பேலன்ஸ் அதை வேறொன்றாக மாற்றிவிடக் கூடாது. சிவப்புச் சாயத்தில், கேமரா காட்டும் ஒளி அளவு வரைபடமான ஹிஸ்டோகிராமின் சிவப்புப் பகுதி வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் இழைகள் எல்லாம் ஒரே சிவப்புக் குழம்பாகிவிடும்.

பின்னணியைப் பற்றி இரண்டே வார்த்தை. முடியின் வெளிக்கோடு, அதாவது உருவம் முக்கியம் என்றால் முடியைவிட வெளிர் நிறப் பின்னணி. ஓரத்தில் எரியும் பின்னொளி முக்கியம் என்றால் இருண்ட பின்னணி. எதுவாக இருந்தாலும் பிள்ளையைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது முன்னால் கொண்டுவாருங்கள்.

ஐந்தாவது படி: லென்ஸும் ஃபோகஸும்

உருவப்படம் என்றாலே அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை முழுதாகத் திறந்துவிடும் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். பெரிய சென்சார் உள்ள முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 85 மி.மீ. லென்ஸ், ஒன்றரை மீட்டர் தூரம், எஃப்/1.8 (எண் சிறிதானால் துளை பெரிது) என்று வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் வெறும் மூன்று சென்டிமீட்டர்தான். கண் தெளிவாக இருக்கும், காதோரப் பின்னல் மங்கிவிடும். முடியைப் பற்றிய படத்தில் முடி மங்கலாக இருந்து என்ன பயன்? எஃப்/5.6 வைத்தால் அந்த ஆழம் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் ஆகும், கண்ணிலிருந்து காது வரை வந்துவிடும். ஒளி போதவில்லை என்றால் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்குக் கேமராவின் உணர்திறனைத் தைரியமாக ஏற்றுங்கள். இரைச்சலை மன்னிக்கலாம்.

கண்ணைத் தேடும் ஆட்டோஃபோகஸ் நல்ல வசதி. ஆனால் கண்ணுக்கு முன்னால் நெற்றி முடி விழுந்திருந்தால் அது முடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை விட்டுவிடும். அப்போது ஒற்றைப் புள்ளிக்கு மாறிக்கொள்ளுங்கள். எது தெளிவாக இருக்க வேண்டும் என்பதையும் ஒவ்வொரு படத்துக்கும் தீர்மானியுங்கள். முடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பிள்ளை என்றால், சில சமயம் முடி தெளிவாகவும் கண் மங்கலாகவும் இருப்பதே சரி.

செல்போனில் எடுப்பவர்கள் மூன்று விஷயத்தைக் கவனித்தால் போதும். ஒன்று, கைநீட்டும் தூரத்தில் நின்று எடுக்காதீர்கள், மூக்கு பெரிதாகித் தலை சிறுத்துவிடும். இரண்டு எட்டுப் பின்னால் போய் 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸுக்கு மாறுங்கள். இரண்டு, போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் அந்த மென்பொருளுக்குச் சுருட்டை முடி எங்கே முடிகிறது என்று சரியாகத் தெரியாது, ஓரத்துச் சுருள்களைக் கத்தரித்துவிடும். மூன்று, அழகூட்டும் ஃபில்டர் தானாக இயங்குகிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். முகத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் ஒளியும் பூட்டிக்கொள்ளும், பிறகு விரலைக் கீழே இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்குங்கள்.

ஆறாவது படி: எங்கிருந்து பார்ப்பது

நைஜீரியப் புகைப்படக் கலைஞர் ஜே. டி. ஒகாய் ஓஜெய்கெரே 1968இல் தன் நாட்டுப் பெண்களின் தலையலங்காரங்களைக் கறுப்பு வெள்ளையில் பதிவுசெய்யத் தொடங்கினார். பல ஆண்டுகள் தொடர்ந்து, சுமார் ஆயிரம் படங்கள். அவற்றில் மிகப் பல பின்புறத்திலிருந்து எடுத்தவை, முகமே இல்லை. வெறுமையான பின்னணியில் ஒரு தலையின் பின்பக்கம் சிற்பம் போல நிற்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் கழுத்தின் சாய்விலும் தோளின் நிமிர்விலும் அந்த ஆளே தெரியத் தொடங்குவார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது முகம் இல்லாமல் படமெடுக்கும் துணிச்சலை. பிள்ளையின் தலையைச் சுற்றி ஒரு வட்டம் அடியுங்கள். பின்னாலிருந்து பிடரி வரை, பக்கத்திலிருந்து காதோரம், மேலேயிருந்து வகிடும் சுழியும். பிள்ளை தன் பின்தலையைத் தானே பார்த்திருக்காது. அந்தப் படத்தைத் திரையில் காட்டும்போது வருகிற வியப்பை இரண்டாவது கேமரா இருந்தால் பிடியுங்கள்.

மேலிருந்து எடுக்க ஒரு வழி: பிள்ளையைத் தரையில் படுக்கவைத்து, முடியைத் தானே பரப்பச் சொல்லுங்கள். சிலர் சூரியன் போலப் பரப்புவார்கள், சிலர் முகத்தை மூடிக்கொள்வார்கள், சிலர் ஒரு பக்கம் மட்டும் ஓடவிடுவார்கள். நீங்கள் முக்காலியில் ஏறி நிற்கும்போது கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டி, கையிலும் ஒருமுறை சுற்றிக்கொள்ளுங்கள். கீழே இருப்பது ஒரு குழந்தையின் முகம்.

மற்ற எல்லாப் படங்களுக்கும் நீங்கள் மண்டியிட வேண்டும். பெரியவர் உயரத்திலிருந்து எடுத்தால் எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி, ஒரு உச்சந்தலையும் இரண்டு கண்ணுமாகத் தெரியும். கண்மட்டத்துக்கு இறங்கினால் குதிரைவாலின் வீச்சும், கொண்டை நிற்கும் கர்வமும் தெரியும்.

அப்புறம், ஓடவிடுங்கள். சிலுப்பும் முடிக்கு ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஓட்டத்துக்கு ஐந்நூறில் ஒன்று. குதிக்கும் பிள்ளையை உச்சிக்குப் போனவுடன் எடுக்காமல், இறங்கத் தொடங்கும் கணத்தில் எடுங்கள். உடம்பு கீழே வரும்போது முடி இன்னும் மேலேயே நிற்கும். ஊஞ்சலில் இன்னும் சுலபம். இரு கோடியிலும் ஊஞ்சல் ஒரு கணம் நின்றுதான் திரும்புகிறது. அப்போது முகம் அசையாது, முடி மட்டும் முன்னே பறந்து வரும். அங்கே இருநூற்றைம்பதில் ஒன்றுகூடப் போதும். இதற்கு எதிர்த்திசையிலும் விளையாடிப் பார்க்கலாம். பதினைந்தில் ஒன்று என்று வேகத்தைக் குறைத்து, தலையைச் சுழற்றச் சொன்னால் பின்னல் ஒரு தூரிகைக் கோடாக மாறும். பத்தில் ஒன்பது குப்பைக்குப் போகும். அந்தப் பத்தாவதுதான் வேண்டும்.

ஏழாவது படி: கைகளையும் சேர்த்து

பிள்ளையின் முடி தனியாக இருப்பதில்லை. யாரோ பின்னிவிடுகிறார்கள், யாரோ இழுத்துவிட்டு ஓடுகிறார்கள், யாருடைய முடியோ அதைப் போலவே இருக்கிறது. பின்னிவிடும் கையையும் பின்னப்படும் தலையையும் சேர்த்து எடுங்கள். வலிக்கும் இடத்தில் பிள்ளையின் தோள் ஏறுவதையும், கை அதை உணர்ந்து தளர்வதையும் பார்க்கலாம். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்குச் சுருட்டை, ஒருவருக்குக் கோரை என்றால் இருவர் தலையையும் ஒட்டவைத்து ஒரு படம் எடுங்கள்.

இந்த வகையில் உலகம் அறிந்த படம் ஒன்று உண்டு. 2009 மே மாதம், வெள்ளை மாளிகை. ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் தன் முடியும் அதிபர் ஒபாமாவின் முடியும் ஒரே மாதிரியா என்று தெரிந்துகொள்ள விரும்பினான். அதிபர் தலையைக் குனிந்து கொடுத்தார், சிறுவன் தொட்டுப் பார்த்தான். அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் பீட் சூசா அந்தக் கணத்தைப் பிடித்துவிட்டார். அங்கே சுவரில் மாட்டும் படங்கள் அவ்வப்போது மாறிக்கொண்டே இருக்கும், அந்தப் படம் மட்டும் ஆண்டுக்கணக்கில் இறங்கவில்லை. கேள்வி சிறுவனுடையது, குனிந்தது பெரியவர். நானாக இருந்தால் 'இரண்டு பேரும் கேமராவைப் பாருங்கள்' என்று சொல்லிக் கெடுத்திருப்பேன்.

எட்டாவது படி: கவனமாக நடக்க வேண்டிய இடங்கள்

எல்லாத் தலையும் பிள்ளை தேர்ந்ததாக இருக்காது. நோயாலோ சிகிச்சையாலோ முடி உதிர்ந்த பிள்ளை இருக்கும். தண்டனை போல முடி வெட்டப்பட்ட பிள்ளை இருக்கும். முடியை வைத்துக் கேலிக்கு ஆளான பிள்ளையும் இருக்கும். இவர்களிடம் 'தைரியமான படம்' எடுக்கும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். தொப்பியோடு எடுக்க வேண்டும் என்றால் தொப்பியோடு எடுங்கள். தொப்பியைத் தேர்ந்ததும் அந்தப் பிள்ளைதானே. சிகிச்சை முடிந்து புதிதாக முளைக்கும் பூனைமுடியை ஒரு பிள்ளை ஆசையாகக் காட்டினால், அப்போது பக்கத்துச் சன்னல் ஒளியில் மிக நெருங்கி எடுங்கள். அந்த அரை சென்டிமீட்டர் பக்க ஒளியில் மின்னும்.

நம்பிக்கையின் காரணமாகத் தலையை மூடும் பிள்ளைகளுக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும். துணியின் நிறம், மடிப்பு, அதைக் குத்தியிருக்கும் ஊசி எல்லாமே அவர்களுடைய தேர்வு. உள்ளே இருக்கும் முடியைப் பற்றிக் கேள்வியே வேண்டாம்.

பையன் முடியை நீளமாக வளர்த்திருந்தாலும் பெண்பிள்ளை ஒட்ட வெட்டியிருந்தாலும், "பொண்ணு மாதிரி", "பையன் மாதிரி" என்ற சொற்கள் படமெடுக்கும் இடத்தில் யார் வாயிலிருந்தும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட வந்த உறவினர் சொன்னால் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். ரிஃப்ளெக்டரைக் கொஞ்சம் தள்ளி நின்று பிடித்துக்கொள்வது அருமையான வேலை.

ஒன்பதாவது படி: தேர்வும் திருத்தமும்

முதல் தேர்வு உங்களுடையது. தெளிவில்லாதவை, கண் மூடியவை போகட்டும். மிச்சத்தை இருபதாகக் குறைத்துப் பிள்ளையிடம் கொடுங்கள், ஐந்தை எடுக்கச் சொல்லுங்கள். பெற்றோரை அந்த நேரம் அடுத்த அறையில் இருக்கச் சொல்வது நல்லது. பிள்ளை தேர்கிற ஐந்தும் நீங்கள் நினைத்த ஐந்தும் ஒன்றாக இருக்கவே இருக்காது. வரிசையில் இரண்டு தேர்வுக்கும் இடம் கொடுங்கள்.

திருத்தத்தில் என் கை கட்டுப்பட்டது. பறக்கும் ஒற்றை இழைகளை நீக்குவதில்லை. வகிடை நேராக்குவதில்லை. தோலை வெளுப்பாக்குவதில்லை. முடியில் சிக்கிய சருகைக்கூட விட்டுவிடுவேன், அது அன்றைய விளையாட்டின் ரசீது. மூக்கு ஒழுகியிருந்தால் மட்டும் துடைத்துவிடுவேன், அதுவும் பிள்ளை கேட்டால். முடிக்கு மட்டும் நிழலை அரை ஸ்டாப் உயர்த்துவது, நுண்மாறுபாட்டை, அதாவது சின்னச் சின்ன இழைகளின் ஒளி நிழல் வேறுபாட்டைக் கொஞ்சம் கூட்டுவது, இதற்கு மேல் போனால் முடி கம்பியாகிவிடும். கறுப்பு வெள்ளை ஆக்கலாமா? பின்னலின் அமைப்பு முக்கியம் என்றால் ஆக்கலாம். நிறம் பிள்ளையின் தேர்வாக இருந்தால், கிளிப்போ ரிப்பனோ சாயமோ எதுவானாலும், ஆக்காதீர்கள்.

பத்தாவது படி: பகிர்வதும் பாதுகாப்பதும்

இணையத்தில் போடும் முன் கோப்பில் இடக்குறிப்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். சட்டையில் பள்ளிச் சின்னம், பின்னணியில் வீட்டு எண் தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டுங்கள். பின்புறத்திலிருந்து எடுத்த படங்கள் இங்கேதான் கைகொடுக்கும். முகம் தெரியாமல், ஆள் தெரிகிற மாதிரிப் பொதுவெளியில் வைக்கலாம். பிள்ளை வளர்ந்த பிறகு 'எடுத்துவிடுங்கள்' என்று சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும் என்பதைப் பெற்றோரோடு முதல் நாளே பேசிவிடுங்கள்.

அச்சுப் படம் ஒன்றாவது பிள்ளையின் கையில் போய்ச் சேரட்டும். அதன் பின்பக்கம் தேதியை நீங்கள் எழுதுங்கள், தலையலங்காரத்தின் பெயரைப் பிள்ளை எழுதட்டும். 'புயல்' என்று எழுதிய பையன் யகரத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தான். அதையும் திருத்தவில்லை.